பின்சீற்றடிக் கறை

— மண்ணெண்ணெயையா ஊத்தினீங்க, அக்கா?

— ஓம் புள்ள. ஒரு கிளாசு. மெல்றோய் கையில கிறீஸ் பட்டா மண்ணெண்ணெயாலதானே கழுவுறவர்.

— கை வேற, காரிட கார்பெட் வேற, அக்கா. கையில பட்டது வடிஞ்சு போயிரும். இது பஞ்சு மாதிரி. எண்ணெயை இளக்கி அடிவரைக்கும் கொண்டு போயிரும். காலையில எவ்வளவு இருந்தது?

— ஒரு சாண்.

— இப்ப ரெண்டு சாண்.

— உனக்கென்ன மேனுகா, பள்ளிக்கூடத்தில ரசாயனம் படிப்பிக்கிற புள்ள. எனக்கு ஆரு சொல்லித் தாற? மறுகா நான் மாவும் போட்டன்.

— என்ன மா?

— அரிசிமா. கலியாணத்துக்குக் கொக்கிஸ் சுட இடிச்சு வெச்ச மா.

— அது நல்ல வேலை. மா எண்ணெயைக் குடிக்கும். காஞ்ச பிறகு கூட்டி அள்ளினா சரி.

— நான் தண்ணி தெளிச்சு அள்ளினன்.

— தண்ணியா?

— சுடுதண்ணி.

— அப்ப அது களியாப் போயிருக்குமே, அக்கா.

— சிரிக்காத. ஒரு மணித்தியாலம் கரண்டியால சுரண்டினன். அன்ட்றியாட கலியாணத்துக்கு முதல் பலகாரம் இந்தக் காருக்குள்ளதான் கிண்டினது. ஆனா நீ சிரிச்சது நல்லது. ரெண்டு நாளா உன்ட முகத்தைப் பாக்க ஏலாம இருந்தது. அப்பா எப்பிடி?

— இண்டைக்குக் கண் முழிச்சார். வாயில குழாய் கிடக்கிறதால பேச ஏலாது. என்ட விரலைப் பிடிச்சார். நாளைக்குக் குழாயைக் கழட்டுவாங்களாம். தலைக்குள்ள இருந்த வீக்கம் வத்துதாம், உடைஞ்ச கால் எலும்பைத்தான் பிறகு ஒபரேசன் செய்து பொருத்த வேணும் எண்டு டொக்டர் சொன்னார்.

— மாதாவே. சாமித்தம்பி அண்ணர் பிழைச்சிட்டார். நான் ஒம்பது நாள் செபம் சொல்லுறன், நேர்ந்திருக்கிறன். நீ சாப்பிட்டியா?

— குளிச்சு உடுப்பு மாத்திட்டுப் போகத்தான் என்ட அறைக்கு வந்தன். உங்களைக் காருக்குள்ள குப்புறக் கிடக்கக் கண்டு வந்த. ஏன் இந்த அவசரம்? மெல்றோய் அண்ணன் எங்க?

— கோயில் மண்டபத்துக்குக் கதிரை அடுக்கப் போயிட்டார். சைக்கிள்ல.

— சைக்கிள்லயா?

— ரெண்டு நாளாக் காரை எடுக்கல்ல. கலியாணக் கார், சும்மா ஓடி அழுக்காக்கக் கூடாதாம். படங்கு போட்டு மூடி வெச்சிருந்தார். சனிக்கிழமை அன்ட்றியாவை இதுலதானே கோயிலுக்குக் கொண்டு போறது. அந்தக் கவுணிட வால் மட்டும் ஆறு முழம், புள்ள. வெள்ளை சாட்டின். மகளிட கவுண் இந்தக் கறையில பட்டா என்ட அக்கா என்னை உயிரோட விட மாட்டா.

— அண்ணன் தான் கழுவுறன் எண்டு சொல்லல்லயா?

— சொன்னார். காருக்குள்ள கை வெக்க வேணாம், தான் பாத்துக்கொள்றன் எண்டார். சொன்னவர் செய்யல்ல. எந்த ஆம்புள சொன்ன நேரத்துக்குச் செய்த? அதுதான் அவர் போன உடன படங்கை இழுத்துப் போட்டுட்டு இறங்கினன்.

— என்ன எண்ணெய் இது? எஞ்சின் ஒயில் எண்டா கறுப்பா இருக்க வேணும்.

— மாமிட மீன்கறி. செவ்வாய்க்கிழமை வாழைச்சேனைக்குப் போனவர்தானே, பேர்னிஸ் மாமி மகனுக்கு ஒரு சட்டி நிறையக் கட்டிக் குடுத்தாவாம். வழியில பிரேக் போடக்குள்ள கவிண்டு போச்சாம். சட்டியும் உடைஞ்சுதாம். காலடி றப்பர் விரிப்பைக் கழுவ ஏலாது எண்டு எங்கயோ வீசிட்டு வந்தார். சீற் உறையைத் தானே தோய்ச்சார், புள்ள. கலியாணம் முடிச்ச பதினேழு வருசத்தில ஒரு கைலேஞ்சி தோய்ச்ச மனுசன் இல்ல.

— செவ்வாய்க்கிழமை அண்ணன் பனிச்சங்கேணிக்கு வந்திருந்தா, அப்பாவுக்கு இது நடந்திருக்காது.

— அதைத்தான் நானும் நினைச்சு நினைச்சுச் சாகிறன். நீ சொல்லி வெச்சதுதானே, அப்பா பாலத்தடியில நண்டோட நிப்பார், அண்ணன் வந்து எடுத்தாச் சரி எண்டு.

— ஓம். நாலு மணியிலருந்து நிண்டிருக்கிறார். பெரிய மழை. கார் வரல்ல எண்டு நண்டுச் சாக்கையும் கட்டிக்கொண்டு வீட்டுப் பக்கம் சைக்கிளைக் கிறுக்கியிருப்பார். பின்னுக்கு வந்த ஒரு கார் அடிச்சிருக்கு. சைக்கிள் ஒரு பக்கம், நண்டெல்லாம் றோட்டில ஓடித் திரிஞ்சுதாம்.

— மெல்றோய் வாழைச்சேனையோட கிறுகித் திரும்பிட்டாராம். அந்த மழைக்குள்ள பனிச்சங்கேணி றோட்டுக்குப் போறது புத்தியில்ல எண்டு மாமியும் மறிச்சாவாம். நான் என்ன செய்த தெரியுமா? நண்டு இல்லாமக் கலியாணமா, நாலு பேர் சிரிப்பாங்க எண்டு சண்டை பிடிச்சன். அண்டைக்கு ராத்திரியே உனக்குப் போன் வந்தது. உன்ட அப்பா அடிபட்டுக் கிடக்கக்குள்ள நான் நண்டுக்கு அழுதிருக்கிறன்.

— உங்களுக்கு எப்பிடித் தெரியும், அக்கா? விடுங்க. அப்பாவைக் கொண்டுவந்து ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கினவர் இன்னும் கால் மணித்தியாலம் பிந்தியிருந்தா ஆள் இல்லையாம். கறண்ட் நிண்ட நேரம், மழை இருட்டு. ஒரு கார் வந்துதாம். ஒருத்தர் அப்பாவைத் தூக்கி வாங்கில கிடத்திட்டு, ஆக்களைக் கூப்பிட்டுப்போட்டுப் போயிட்டாராம். பேர் சொல்லல்ல.

— பொலிஸ் என்ன சொல்றாங்க?

— அடிச்சவன்தான் கொண்டு வந்திருப்பான் எண்டு சொல்றாங்க. எனக்கு அப்பிடி நினைக்க விருப்பமில்ல. அடிச்சவன் ஒருத்தன், தூக்கினவர் வேற ஒருத்தர் எண்டுதான் நினைக்கிறன். தூக்கினவருக்காக ஒவ்வொரு நாளும் விளக்கு வெக்கிறன்.

— நீ நல்ல புள்ள.

— அப்பிடியில்ல. அப்பிடி நினைச்சாத்தான் நித்திரை வருது. சரி, சவுக்காரம் இருக்கா? உடுப்புத் தோய்க்கிற கட்டிச் சவுக்காரம். சீவிப் பச்சத்தண்ணியில கரைச்சுத் தேய்ப்பம். மண்ணெண்ணெயும் எண்ணெயும் சேந்து வரும்.

— நீ களைச்சுப் போய் வந்திருக்கிறாய்.

— ஆஸ்பத்திரி வாங்கில சும்மா இருந்துதான் களைச்சன், அக்கா. கைக்கு ஒரு வேலை இருந்தா நல்லம். நேத்து மெல்றோய் அண்ணன் சூப் கொண்டு வந்தவர். வாசல்லயே நிண்டிட்டார். உள்ளுக்கு வாங்க, அப்பாவைப் பாருங்க எண்டன். வரல்ல. கண்ணெல்லாம் கலங்கிட்டு. அவருக்கு இவ்வளவு இளகின மனம் எண்டு எனக்குத் தெரியாது.

— எனக்கும் தெரியாது.

— அப்பாட சாமான் பையைத்தான் காணல்ல. வெத்திலைப் பெட்டி, போன், முழங்காலுக்குப் பூசுற எண்ணெய்ப் போத்தல் எல்லாம் அதுக்குள்ள. தண்ணியில போயிருக்கும்.

— நீ போன மாசம் என்ட குசினியில காய்ச்சின எண்ணெயா? மூணு நாள் வீடெல்லாம் நல்லெண்ணெய், நொச்சி மணம். எங்கட வேலியில நிண்ட நொச்சியை மொட்டை அடிச்சுட்டாய். என்ட வெள்ளைச் சட்டி இப்பவும் மஞ்சளாத்தான் கிடக்கு.

— அப்பாவுக்கு இலையை வடிக்கக் கூடாது. போத்தலுக்குள்ள இலை கிடந்தாத்தான் மருந்தாம். அந்த இலையாலயே தேய்ப்பார். கடலுக்குப் போனாலும் வாவிக்குப் போனாலும் அது கூடவே போகும். சரி, இனி இன்னொரு போத்தல் காய்ச்சுவம். நீங்க சவுக்காரத்தைத் தேய்ங்க, நான் கிணத்தில ஒரு வாளி அள்ளிக்கொண்டு வாறன்.

— நல்ல துணி ஒண்டும் எடுத்துக்கொண்டு வா. பழைய சீலை கொடியில கிடக்கு.

— அக்கா, வாளி கொண்டு வந்திட்டன். ஏன் கார்க் கதவைச் சாத்திட்டீங்க?

— போதும் புள்ள. காணும். இனி நான் செய்வன்.

— என்னத்தைக் காணும்? இப்பத்தானே தொடங்கின.

— நீ குளிச்சிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ. அப்பா தனிய இருப்பார்.

— சின்னம்மா நிக்கிறா. ஏன் கதவில சாய்ஞ்சுகொண்டு நிக்கிறீங்க?

— ஒண்டுமில்ல. மண்ணெண்ணெய் மணம் தலைக்குள்ள ஏறிட்டு.

— அப்ப காத்துப் பட இருங்க. கையைக் காட்டுங்க. ஏன் பின்னுக்கு ஒளிக்கிறீங்க? அக்கா, கையைக் காட்டுங்க.

— பாக்காத.

— இது என்ன சிவப்பு? வெட்டிட்டீங்களா?

— என்ட கையில காயம் இல்ல, மேனுகா.

— அப்ப?

— கதவைத் திறந்து பார். நான் மறைச்சா மாதா என்னை மன்னிக்க மாட்டா. திறந்து பார்.

— கார்பெட்டெல்லாம் சிவப்பு. என்ன இது, அக்கா?

— சவுக்காரம் பட்ட உடன வந்தது. தேய்க்கத் தேய்க்க வந்தது. நுரையெல்லாம் சிவப்பு. அது கறி இல்ல, புள்ள. அது ரத்தம்.

— ஆருட ரத்தம்?

— என்னைக் கேக்காத.

— அக்கா, ஆருட ரத்தம்?

— இரு. இந்தப் படியில இரு, சொல்லுறன். செவ்வாய்க்கிழமை அவர் வரக்குள்ள எட்டு மணி. தலையிலருந்து கால்வரைக்கும் நனைஞ்சிருந்தார். காருக்குள்ள வந்த மனுசன் எப்பிடி நனையிற? வாயில ஏலக்காய் போட்டிருந்தார். ரெண்டு வருசத்துக்கு முன்ன மாதா கோயில்ல முழங்கால்ல நிண்டு சத்தியம் பண்ணினவர், இனிச் சாராயத்தைத் தொடமாட்டன் எண்டு. ஏலக்காய் எதுக்கு எண்டு எனக்குத் தெரியும். கேக்கல்ல. கலியாண வீட்டில ஏன் வம்பு எண்டு விட்டுட்டன். சாப்பிடல்ல. மறுகா உனக்குப் போன் வந்து நீ கத்தினாய்தானே, அப்ப அவர் கிணத்தடிக்கு ஓடிப்போய் ஓங்காளிச்சுச் சத்தி எடுத்தார். பயந்திட்டார் எண்டு நினைச்சன். எனக்குள்ள ஒரு சந்தேகம் முழிச்சிட்டு. நான்தான் அதைத் தட்டித் தட்டி நித்திரையாக்கினன்.

— அண்ணன் பனிச்சங்கேணிக்கு வரல்ல எண்டவர்.

— அவர் சொன்னதுதான் எனக்கும் தெரியும். சந்தேகத்தை மறைச்ச இந்தக் கையால உனக்குச் சோறு போட்டன், ரெண்டு நாளா. இனி ஏலாது. பொலிசுக்குப் போறதெண்டாப் போ. நானும் கூட வாறன். அன்ட்றியா வேற காரில போகட்டும்.

— ஒரு நிமிசம், அக்கா.

— என்னைத் திட்டு.

— ஒரு நிமிசம் பொறுங்க. சவுக்காரம் போட முதல் இது என்ன நிறம்?

— மண்ணிறம். மஞ்சள் கலந்த மண்ணிறம்.

— சிவப்பு இருக்கல்ல?

— இல்ல.

— ரெண்டு நாள் காஞ்ச ரத்தம் கறுப்பாக் கிடக்கும். சவுக்காரம் போட்டா இப்பிடிப் புதுசா, பூ மாதிரிச் சிவக்காது. தேசிக்காய் இருக்கா?

— தேசிக்காயா? இப்ப என்னத்துக்கு?

— அந்தக் கூடைக்குள்ள கிடக்கு. வெட்ட வேணாம், நான் கடிச்சே எடுக்கிறன். பாருங்க. இந்தச் சிவப்பில புளியைப் பிழியிறன். கண்ணை மூடாதீங்க, பாருங்க.

— மாதாவே.

— என்ன நிறம்?

— மஞ்சள். மஞ்சளாப் போயிட்டு.

— இஞ்சால பக்கமும் பாருங்க. இதுவும் மஞ்சள். உங்கட கையைத் தாங்க. இந்தா, இதுவும் மஞ்சள். இது ரத்தம் இல்ல, அக்கா. மஞ்சள்தூள். சவுக்காரத்துக்குள்ள காரம் இருக்கு, காரம் பட்டா மஞ்சள் சிவக்கும். புளி பட்டாத் திரும்பும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைத்தான் செய்து காட்டுறன்.

— எனக்கு ஒருத்தரும் காட்டல்லயே.

— எங்கட ஆக்களுக்குப் பள்ளிக்கூடம் போகாமலே தெரியும். பொண்ணு மாப்பிள்ளைக்கு ஆலாத்தி எடுக்கிற தண்ணி எப்பிடிச் சிவக்கிற? மஞ்சளுக்குள்ள ஒரு கிள்ளுச் சுண்ணாம்பு. உங்கட கலியாணத்தில கேக் வெட்டுறீங்க, ஆலாத்தி எடுக்கிறதில்ல. அதுதான் பயந்திட்டீங்க.

— அப்ப மீன்கறிதான்.

— மீன்கறிதான். மஞ்சள் போடாத மீன்கறி எங்க இருக்கு?

— நான் என்ட புருசனைக் கொலைகாரன் எண்டுட்டன்.

— அழாதீங்க. நானும்தான். ஒரு நிமிசம் நானும் நம்பிட்டன், அக்கா. அண்ணன் சூப் கொண்டு வந்த கையை நினைச்சன், அந்தக் கையையே வெறுத்தன். நீங்க என்னை மன்னிக்க வேணும்.

— நீ என்னை மன்னி. ஏலக்காய் கதையையும் மறந்திரு. குடிச்சிருந்தா அதுக்கு நான் வேறயா வெச்சிருக்கிறன். சிரிப்பு வருது, பார். ஆறு முழக் கவுணுக்குப் பயந்தன், கடைசியில பொலிஸ்வரைக்கும் போயிட்டன்.

— இனிச் சவுக்காரம் வேணாம். தேசிக்காய்ப்புளியும் பச்சத்தண்ணியும் காணும். நான் ஒத்தி எடுக்கிறன், நீங்க துணியைப் பிழிஞ்சு தாங்க.

— ஓம். வேலை முடிய ரெண்டு பேரும் இருந்து வயிறாரச் சாப்பிடுவம். அப்பாவுக்கும் கஞ்சி கட்டித் தாறன், குழாய் கழட்டினாக் குடிக்கலாம். எவ்வளவு போயிட்டு, பாத்தியா? முக்கால்வாசி போயிட்டு.

— சீற் பூட்டியிருக்கிற இரும்புக்குக் கீழதான் இன்னும் கிடக்கு. சீற்றை முன்னுக்குத் தள்ளுங்க. இன்னும் கொஞ்சம். மண்ணெண்ணெய் மணம் போயிட்டு, அக்கா.

— நல்லம். அது போகாட்டி அன்ட்றியா சத்தி எடுப்பா.

— இப்ப வேற மணம் வருது.

— மீன் மணமா? அதுக்கு என்ன செய்ற? கோப்பித்தூள் போடுவமா?

— மீன் மணம் இல்ல. கொஞ்சமும் இல்ல. அன்ரி கறிக்கு நல்லெண்ணெய்தான் ஊத்துறவவா?

— மாமியா? சீ. அந்த மணம் அவவுக்குப் பிடிக்காது, வீட்டுக்குள்ள எடுக்க மாட்டா. எல்லாம் தேங்காயெண்ணெய்தான். தேங்காய்ப்பாலும் முதல் பால், தடிப்பா. சனிக்கிழமை நீ அவட கறியைச் சாப்பிட்டுப் பார். அப்பா கொஞ்சம் சுகப்பட்டா உனக்கும் ஒரு மணித்தியாலம் வரலாம்தானே? நான் உனக்கு ஒரு பிளவுஸ் துணி எடுத்து வெச்சிருக்கிறன், சொல்லல்ல. நீலம். மேனுகா?

— ம்.

— என்ன புள்ள, கைவிட்டுத் தேடுற?

— இரும்புக்குள்ள ஒண்டு ஒட்டிக் கிடக்கு. வருது, வருது. எடுத்திட்டன்.

— கறிவேப்பிலையா இருக்கும். மாமி ஒரு கொப்பையே முறிச்சுப் போடுவா. வீசு அதை. ஏன் மோந்து பாக்கிற? வீசு புள்ள. ஏன் என்னை இப்பிடிப் பாக்கிற?

— பேர்னிஸ் அன்ரி மீன்கறிக்கு நொச்சியிலை போடுவாவா, அக்கா?